ஒரு வெள்ளி இருபது காசு குறைந்த நாள்

குளுவாங் என்றால் வெளியூர் நண்பர்களுக்கு ரயில் நிலையக் காப்பியும் லம்பாக் மலையும்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது ரெண்டு வெள்ளிக் கடை. மலாய் நண்பர்கள் ‘கெடாய் டுவா ரிங்கிட்’ என்பார்கள். நம் வீடுகளில் அது எப்போதும் வெள்ளிதான்.

உள்ளே நுழைந்தாலே புது பிளாஸ்டிக் வாசனை. வாளி, ஹேங்கர், துணிக் கிளிப், பர்கர் வடிவ அழிப்பான் என எதை எடுத்தாலும் ஒரே விலை. மற்ற கடைகளில் அம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்புறம் வாங்கலாம்” என்பார். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. கையில் இருபது வெள்ளி இருந்தால் பத்துப் பொருள். முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரிந்த கணக்கு.

பாட்டிக்கு மட்டும் இந்தக் கடை ஓர் அதிசயம். அவர் தோட்டத்தில் வாழ்ந்தவர். அங்கே மளிகைக் கடையில் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தில் கடன் எழுதுவார்கள். அரிசியும் சீனியும் கேட்டதும் கிடைக்கும். என்ன விலை போட்டார்கள் என்பது சம்பள நாளில்தான் தெரியும். “இங்க யாரையும் கேக்க வேணாம், கெஞ்ச வேணாம்” என்று ரெண்டு வெள்ளிக் கடையில் ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் அப்பாவுக்கு வேலை இல்லாத மாதங்களில் எங்களுக்கு அரிசி தந்தது அந்த 555 புத்தகம்தான். ரெண்டு வெள்ளிக் கடை யாருக்கும் கடன் கொடுத்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் பாடம் படித்தபோதுதான் இந்தக் கடைக்கும் ஒரு தாத்தா உண்டு என்று தெரிந்தது. ஃபிராங்க் வூல்வொர்த் என்ற அமெரிக்கர் 1879-இல் யூட்டிகா நகரில் ஐந்து சென்ட் கடை ஒன்றைத் திறந்தார். சில மாதங்களிலேயே அது படுத்துவிட்டது. அதே ஆண்டு லங்காஸ்டர் நகரில் மீண்டும் திறந்தார், அது பிடித்துக்கொண்டது. பிறகு பத்து சென்ட் பொருள்களும் சேர்ந்தன. கடைக்காரர் பின்னாலிருந்து எடுத்துத் தரும் காலத்தில், பொருளை மேசையில் பரப்பி, விலையை எழுதி, வாடிக்கையாளரே தொட்டுப் பார்க்கவிட்டார். பாட்டியின் அதே சந்தோஷம்!

நம் ஜொகூருக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. இன்று நாடு முழுவதும் தெரியும் ஈக்கோ ஷாப் 2003-இல் செகாமாட் பக்கத்திலுள்ள ஜெமெந்தாவில் தொடங்கியது. 2025 மே மாதம் அது பங்குச் சந்தையிலும் ஏறியது.

ஒரே விலை என்றால் ஒரே லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளிப்பில் அதிகம் கிடைக்கும், வாளியில் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். வாளிக்காக வருபவர் கிளிப்பையும் எடுப்பார் என்பதுதான் கணக்கு. அடக்கவிலை ஏறும்போது விலையைத் தொட முடியாவிட்டால் பொருள் இளைக்கும். பத்து பென்சில் எட்டாகும், டப்பா மெலியும். ஒருநாள் அதுவும் போதாமல் போகும். வூல்வொர்த் கடையே 1932-இல் இருபது சென்ட் பொருள்களைச் சேர்த்தது. 1935-இல் விலை வரம்பையே கைவிட்டது.

எங்களுக்கு அந்த நாள் 2015 ஏப்ரலில் வந்தது. முதல் தேதியிலிருந்து ஆறு விழுக்காடு பொருள் சேவை வரி. நான் நான்காம் ஆண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய அம்மா என்னையும் தம்பியையும் அழைத்துப் போனார். வழக்கம்போல இருபது வெள்ளி, வழக்கம்போல பத்துப் பொருள். புது விலை 2.12 என்று வாசலில் ஒட்டியிருந்ததாம், நாங்கள் கவனிக்கவில்லை.

முகப்பில் 21.20 என்று வந்தது. “காக், தாக் சுக்குப்” என்று அந்த மலாய்க்காரப் பெண் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. அம்மா பைக்குள் சில்லறை தேடினார். கிடைக்கவில்லை. பத்துப் பொருளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தேநீர் வடிகட்டியைத் தனியே எடுத்து வைத்தார். என் பர்கர் அழிப்பான் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. வீட்டு வடிகட்டி ஓட்டையாகி, அம்மா துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். “இது வேணாம்மா” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அழிப்பான் பென்சில் கோட்டைச் சரியாக அழிக்கவும் இல்லை.

அதன் பிறகு நானும் தம்பியும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தோம். ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் முறை 2008 முதல் நம் நாட்டில் உண்டு. இரண்டு பொருளைச் சேர்த்து வாங்கினால் 4.24, கட்ட வேண்டியது 4.25. தனித்தனியாக வரிசையில் நின்றால் ஆளுக்கு 2.10, மொத்தம் 4.20. ஐந்து காசு லாபம்! அதற்காக இரண்டு முறை வரிசையில் நிற்க எங்களுக்கு நேரமிருந்தது.

போன விடுமுறையில் அம்மாவுடன் மறுபடியும் போனேன். இப்போது அங்கே விலை 2.60. அம்மா வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினார். “இருபது வெள்ளிக்கு ஏழுதான்டா. எட்டு எடுத்தா எண்பது காசு பத்தாது.”

எட்டாவதாக நான் ஒரு தேநீர் வடிகட்டியை எடுத்துக் கூடையில் போட்டேன்.

“வீட்டுலதான் நல்லது ஒண்ணு இருக்கே, இது எதுக்கு?” என்று கேட்டார் அம்மா.