சதுராஜி

சதுராஜி என்பது நான்கு பேர் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கு ஒரு படையுடன் ஆடும் பழைய இந்தியப் போர் விளையாட்டு ஆகும். இது நால்வர் சதுரங்கம் என்றும் அழைக்கப்படுகின்றது. இருவர் ஆடும் சதுரங்கத்திலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகின்றது. எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்பதைப் பகடை முடிவு செய்கிறது. அத்துடன் வெற்றி தோல்வியில் கூட்டணிக்கும் பங்கு உண்டு. இதுவே சதுரங்கத்தின் தாய் விளையாட்டு என்றும், ஐயாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது என்றும் பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. கிடைத்துள்ள சான்றுகள் இக்கூற்றை ஆதரிக்கவில்லை.

சதுராஜி என்ற சொல் "நான்கு அரசர்" என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டது. வடமொழி நூலில் இது ஆட்டத்தின் பெயராக அல்லாமல், ஒரு வகை வெற்றியின் பெயராகவே வருகின்றது. ஆட்டத்தை அந்நூல் சதுரங்கம் என்றே குறிப்பிடுகிறது.

பலகையும் படைகளும்

எட்டுக்கு எட்டு என்ற 64 கட்டப் பலகையே இதற்கும் பயன்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் அரசன், ஒரு யானை, ஒரு குதிரை, ஓர் ஓடம், நான்கு காலாட்கள் என எட்டுக் காய்கள் உண்டு. ஓடம் பலகையின் மூலையில் நிற்கும். அதை அடுத்துக் குதிரை, யானை, அரசன் என்ற வரிசையில் காய்கள் வைக்கப்படும்; அவற்றின் முன்னால் காலாட்கள் நிற்பர். கிழக்கில் சிவப்பு, தெற்கில் பச்சை, மேற்கில் மஞ்சள், வடக்கில் கறுப்பு எனப் படைகள் நிறுத்தப்படும். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள்.

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையில் தேர் இருக்க வேண்டிய இடத்தில் ஓடம் இருப்பது வியப்பளிக்கக்கூடியது. விதிகளைத் தரும் நூல் ஆறுகள் நிறைந்த வங்காளத்தைச் சேர்ந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

விதிகள்

விதிகளை விரிவாகத் தருவது 16 ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்தைச் சேர்ந்த இரகுநந்தனர் தொகுத்த திதிதத்துவம் என்னும் நூலாகும். இது விளையாட்டு நூல் அன்று. எந்தத் திதியில் என்ன செய்ய வேண்டும் என்று கூறும் நூல். ஆசுவின மாத முழுநிலா இரவில் கண்விழித்திருக்கும் வழக்கத்தை விளக்கும்போது, வியாசர் யுதிட்டிரருக்குக் கற்பிப்பதாக இந்த ஆட்டம் அதில் சொல்லப்படுகின்றது.

பகடையில் 5 விழுந்தால் அரசனையோ ஒரு காலாளையோ நகர்த்த வேண்டும். 4 யானைக்கும், 3 குதிரைக்கும், 2 ஓடத்துக்கும் உரியவை. இதற்கான பகடை நான்கு முகம் கொண்ட நீள வடிவமுடையது. தமிழ்நாட்டில் தாயம் ஆடுவோர் கையில் உருட்டும் தாயக்கட்டையின் வடிவத்தை எண்ணிப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்ளலாம்; எண்கள் மட்டும் வேறு.

அரசன் எத்திசையிலும் ஒரு கட்டம் செல்லும். குதிரையின் நகர்வு இன்றுள்ளது போன்றதே. யானை, இன்றைய கோட்டையைப் போல நேராக எவ்வளவு தூரமும் செல்லும். ஓடம் மூலைவாட்டில் இரண்டு கட்டம் தாவும். காலாள் நேரே ஒரு கட்டம் சென்று, மூலைவாட்டில் வெட்டும்.

பகடையால் விளையும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அரசனுக்கு ஆபத்து நேர்ந்தாலும், உரிய எண் விழாவிட்டால் அவனை நகர்த்த இயலாது. ஆகவே இறுதி முற்றுகை என்னும் கருத்துக்கே இங்கு இடமில்லை. அரசனும் மற்றக் காய்களைப் போலவே வெட்டப்படுகிறான். அதன் பின்னரும் ஆட்டம் தொடர்கிறது.

கூட்டாளியும் எதிரியும்

ஆட்டத்தின் சுவையான பகுதி இதுவே எனலாம். ஓர் அரசன் வேறோர் அரசனின் தொடக்கக் கட்டத்தில் சென்று அமர்வது சிம்மாசனம் எனப்படும். அதற்குப் பந்தயப் பொருள் கிடைக்கும். அங்கு நிற்கும் அரசனையே வெட்டி அமர்ந்தால் அது இரட்டிப்பாகும். கூட்டாளியின் சிம்மாசனத்தில் அமர்ந்தாலோ இரு படைகளும் அமர்ந்தவரின் ஆணைக்கு உட்படும். தன் அரசன் உயிருடன் இருக்க மற்ற மூன்று அரசர்களையும் கைப்பற்றுவதே சதுராஜி என்னும் வெற்றி. அந்த மூவரில் கூட்டாளியின் அரசனும் ஒருவன் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரே இருப்பவர் துணைவர்தாம். ஆனால் எதுவரை என்பதை ஒவ்வொரு முறையும் கணிக்க வேண்டியுள்ளது. பிடிபட்ட அரசர்களைப் பரிமாறி மீட்பதற்கும் வழி உண்டு. அதற்குப் பகடையைவிடப் பேச்சுத்திறனே உதவும்.

அல்பிருனியின் குறிப்பு

இந்த ஆட்டத்தைப் பற்றிய பழைய, தெளிவான விளக்கம் கி.பி. 1030 அளவில் அல்பிருனி இந்தியாவைப் பற்றி எழுதிய அரபு நூலில் உள்ளது. நால்வர் இரண்டு பகடைகளுடன் ஆடும் இம்முறை தம் நாட்டவர் அறியாதது என்பதால் அவர் இதை விளக்குகிறார். அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, ஓடத்தின் இடத்தில் உள்ள காய்க்கு 2, காலாளுக்கு 1 என மதிப்பும் தருகிறார். தன் அரசனை இழக்காமல் மூன்று அரசர்களையும் கைப்பற்றினால் 54 கிடைக்கும் என்கிறார். இந்த எண் விந்தையாகத் தோன்றினாலும், ஒரு படையின் மொத்த மதிப்பு 5+4+3+2+4=18; மூன்று படைகளுக்கு 54. அதாவது வென்றவர் எதிர்ப்படைகள் அனைத்தையும் பெற்றதற்கு இது சமம்.

1148 இல் தொடங்கி கல்கணர் எழுதிய காசுமீர வரலாறான இராசதரங்கிணியில், இரண்டு அரசர்களைப் பிடித்துவிட்டு மூன்றாமவனைப் பிடிக்க வழியறியாது திகைக்கும் ஆட்டக்காரர் உவமையாக வருகிறார். இது நால்வர் ஆட்டத்திலேயே பொருந்தும்.

பழமை பற்றிய விவாதம்

ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் 1790 இல் இவ்விதிகளை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். நால்வர் ஆட்டமே முந்தியது என்ற கருத்தை ஹிராம் காக்ஸ் முன்வைத்தார். வங்கதேசத்தின் காக்ஸ் பசார் நகரம் இவர் பெயரைக் கொண்டது. 1860 இல் டங்கன் போர்ப்ஸ் இதை விரிவாக்கினார். புராணத்தில் உள்ளதால் இது கி.மு. 3000 அளவினது என்றும், பகடைக்குத் தடை வந்தபின் நான்கு படைகள் இரண்டாக இணைந்தன என்றும் அவர் வாதிட்டார். பகடையைக் கைவிட்டால் இரட்டைப் படை வருவது எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றியதால் இக்கருத்து வேகமாகப் பரவியது.

பின்னர் ஆல்பிரெக்ட் வெபர், வான் டெர் லிண்டே ஆகியோர் ஆராய்ந்தபோது, போர்ப்ஸ் சான்றாகக் காட்டிய பகுதி பவிசிய புராணத்தின் கிடைத்த படிகளில் காணப்படவில்லை. எஞ்சுவது 16 ஆம் நூற்றாண்டுத் தொகுப்பே. நூலில் பேசுபவர் வியாசர் என்பதால் நூலும் வியாசர் காலத்தது ஆகிவிடாது. மகாபாரதச் சூதில் நாட்டை இழக்கச் செய்ததும் பகடையே; சதுரங்கம் அன்று. மறுபுறம், இந்தியாவிலிருந்து சதுரங்கம் பாரசீகம் சென்ற கதையைக் கூறும் பகலவி மொழி நூல், பதினாறு மரகதக் காய்களையும் பதினாறு மாணிக்கக் காய்களையும் குறிப்பிடுகிறது. இது இருவர் ஆட்டமாகும். ஹரால்ட் மரே 1913 இல் வெளியிட்ட சதுரங்க வரலாற்றில், நால்வர் ஆட்டம் இருவர் ஆட்டத்திலிருந்து கிளைத்தது என்ற முடிவுக்கு வந்தார். இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் இதையே ஏற்கின்றனர். எனினும் பழைய கருத்து நூல்களிலிருந்து முற்றிலும் மறையவில்லை.

மேசைப் போர் விளையாட்டுகள்

மரேயின் நூல் வெளிவந்த அதே 1913 இல் எச். ஜி. வெல்சு பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு ஆடும் "சிறு போர்கள்" என்னும் விதி நூலை வெளியிட்டார். இதற்கு முன்பே, 1824 இல், பிரசியப் படை அதிகாரி ரைசுவிட்சு நடுவரும் பகடையும் கொண்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தை வெளியிட்டிருந்தார். வெல்சு தம் ஆட்டத்தில் பகடைக்குப் பதிலாக மரக்குச்சிகளை எய்யும் பொம்மைப் பீரங்கியைப் பயன்படுத்தினார். 1983 இல் பிரித்தானியாவில் வெளியான வார்ஹாமர் போன்ற இன்றைய சிற்றுருவ ஆட்டங்களில் பகடை மீண்டும் முக்கிய இடம் பெறுகிறது. இவற்றில் நண்பர்கள் பலர் நூற்றுக்கணக்கான உருவங்களுடன் ஒரே மேசையில் மோதும் பெரிய ஆட்டங்களும் உண்டு. அங்கு எழும் பெருந்தொல்லை காத்திருப்பு ஆகும். ஒருவர் தம் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும் வரை மற்றவர்களுக்கு வேலையில்லை. இதனால் ஓர் அணியைச் சேர்ந்த அனைவரும் ஒரே வேளையில் நகர்த்தும் முறை பின்பற்றப்படுவதுண்டு. சதுராஜியில் பகடையே காயைக் குறித்துவிடுவதால் ஒருவரின் முறை விரைவில் முடிந்துவிடும்.

இக்காலத்தில் இணையத்தில் ஆடப்படும் நால்வர் சதுரங்கத்தில் 8x8 பலகையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வரிசைகள் சேர்க்கப்பட்டு 160 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் பதினாறு காய்கள் உண்டு, பகடை இல்லை.