பவர் அதிகம், லேசிக் முடியாதுன்னு சொல்லிட்டாங்களா? கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் யாருக்கு, எப்படி?

காலையில் கண் விழித்ததும் கை முதலில் தேடுவது செல்போனை அல்ல, கண்ணாடியை. மைனஸ் 8, மைனஸ் 10 என பவர் உள்ளவர்களுக்கு இது தினமும் நடப்பதுதான். 'லேசிக் பண்ணிட்டா சரியாயிடும்' என்ற நம்பிக்கையோடு மருத்துவமனைக்குப் போகும் சிலருக்கு, பரிசோதனை முடிந்ததும் வேறு பதில் வருகிறது: "உங்களுக்கு லேசர் வேண்டாம். வேணும்னா ஐசிஎல் வைக்கலாம்."

கண்ணுக்குள் லென்ஸா? அது பாட்டிக்குக் கண்புரைக்காகச் செய்ததுதானே? ரெண்டும் ஒண்ணா? விரிவாகப் பார்க்கலாம்.

லேசிக் ஏன் எல்லாருக்கும் முடியாது?

லேசிக் என்பது கருவிழியை லேசரால் செதுக்கி பவரைக் குறைக்கும் முறை. ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போ ஒரு சின்ன கணக்கு. ஒருவரின் கருவிழி 490 மைக்ரான் தடிமன், பவர் மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். லேசிக்கில் மேல் அடுக்கை மூடி போலத் திறக்க சுமார் 110 மைக்ரான் போகும். பவருக்காகச் செதுக்க 150 வரை போகும். மீதம் 230 மைக்ரான்தான். குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான வரம்பு. பல மருத்துவர்கள் 300 இருந்தால்தான் சம்மதிப்பார்கள். அதற்கும் கீழே போனால் கருவிழி வலுவிழந்து முன்னோக்கிப் பிதுங்கும் ஆபத்து உண்டு.

அதனால் 'லேசிக் வேண்டாம்' என்று மருத்துவர் சொன்னால் ஏமாற்றம் வேண்டாம். அது உங்கள் கண்ணைக் காப்பாற்றும் பதில்.

ஐசிஎல் என்றால் என்ன?

ஐசிஎல் முறையில் கருவிழியைச் செதுக்குவதில்லை. கண் பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் எனும் நிற வளையத்துக்குப் பின்னால், நம்முடைய இயற்கை லென்ஸுக்கு முன்னால், மெல்லிய செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். கொலாஜன் கலந்த 'கொலாமர்' என்ற பொருளால் ஆனது இது.

கண்புரை சிகிச்சையில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். ஐசிஎல்லில் எதையும் எடுப்பதில்லை. இயற்கை லென்ஸ் அப்படியே இருக்கும். இதுதான் முக்கியமான வித்தியாசம்.

இது புதுசா?

இல்லை. இயற்கை லென்ஸுக்கு முன்னால் இப்படி லென்ஸ் வைக்கும் முயற்சியை ரஷ்ய கண் மருத்துவர் ஸ்வியாடோஸ்லாவ் ஃபியோதரோவ் 1986-லேயே தொடங்கிவிட்டார். அமெரிக்க எஃப்டிஏ 2005-ல் கிட்டப்பார்வைக்கான ஐசிஎல்லுக்கும், 2018-ல் சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் வகைக்கும் அனுமதி தந்தது.

பழைய வகையில் ஒரு சிக்கல் இருந்தது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் தடையில்லாமல் ஓட, ஐரிஸில் முன்கூட்டியே லேசரால் ஓட்டை போட வேண்டும். 2022-ல் எஃப்டிஏ அனுமதி பெற்ற 'ஈவோ' வகையில், லென்ஸின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அதனால் அந்த லேசர் தேவைப்படுவதில்லை. இதே முறையில் வைக்கும் லென்ஸ்களை குஜராத்தைச் சேர்ந்த நிறுவனங்களும் தயாரிக்கின்றன.

எப்படிச் செய்வார்கள்?

மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள். கருவிழி ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் கீறல். மடித்த லென்ஸை அதன் வழியே உள்ளே செலுத்தினால் தானாக விரியும். அதன் நான்கு முனைகளையும் ஐரிஸுக்குப் பின்னால் செருகுவார்கள். பெரும்பாலும் தையல் கிடையாது. ஒரு கண்ணுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில மணி நேரம் கழித்து கண் அழுத்தத்தைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாளே பலருக்குப் பார்வை தெளிவாகிவிடும். ஆனால் சொட்டு மருந்து, கண்ணைக் கசக்காமல் இருப்பது, கண்ணுக்குள் தண்ணீர் படாமல் பார்ப்பது எல்லாம் மருத்துவர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

* எஃப்டிஏ அனுமதித்த வயது 21 முதல் 45 வரை
* கிட்டப்பார்வை மைனஸ் 3 முதல் மைனஸ் 20 வரை
* கடைசி ஓராண்டில் பவர் பெரிதாக மாறியிருக்கக் கூடாது
* கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே போதுமான இடம் வேண்டும். எஃப்டிஏ கணக்கில் குறைந்தது 3 மில்லிமீட்டர்

யாருக்குக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப்போட வேண்டும். கண்புரை, கிளாக்கோமா, கண்ணுக்குள் அழற்சி உள்ளவர்களுக்கும், கருவிழியின் உட்புற செல்கள் குறைவாக உள்ளவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. ஐசிஎல்லில் பெரிய சவால் லென்ஸின் அளவுதான். 12.1 முதல் 13.7 மில்லிமீட்டர் வரை நான்கு அளவுகளில் வருகிறது. பெரிதாகிப்போனால் கண் அழுத்தம் ஏறலாம். சிறிதாகிப்போனால் இயற்கை லென்ஸைத் தொட்டு கண்புரை வரலாம். சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். அரிதாகக் கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்படலாம். சிகிச்சைக்குப் பிறகு கடும் வலி, வாந்தி, கண் சிவப்பு, திடீர் மங்கல் இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'வேண்டாம்னா கழட்டிக்கலாம்' என்று விளம்பரங்களில் வரும். உண்மைதான், கழற்றலாம். ஆனால் அதற்கும் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். கருவிழியின் உட்புற செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது. அதனால் 'வெச்சுப் பார்க்கலாம்' என்ற எண்ணத்தில் செய்யக்கூடிய சிகிச்சை அல்ல இது.

செலவு, இன்சூரன்ஸ்?

லென்ஸுக்குத் தனி விலை என்பதால் லேசிக்கைவிட பொதுவாகச் செலவு அதிகம். ஐஆர்டிஏஐ வகுத்துள்ள பொது விதிவிலக்குகளின்படி, 7.5-க்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. அதற்கு மேல் பவர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தானாகக் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்துபூர்வமாக உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ், ராணுவம், ரயில்வே வேலைக்குத் தயாராகிறவர்கள், அந்தந்த அறிவிப்பில் கண் சிகிச்சை பற்றிய விதியைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கண்ணாடி போனாலும் மாறாத ஒன்று!

பலர் கவனிக்காத விஷயம் இது. பவர் அதிகமான கண் பொதுவாக நீளமான கண். அதனால் உள்ளே இருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். ஐசிஎல் பார்வையைத்தான் சரிசெய்யும், கண்ணின் நீளத்தை அல்ல. விழித்திரை கிழியும் அல்லது விலகும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். பார்வை தெளிவாகிவிட்டது என்று வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென அதிகரித்தாலோ, திரை விழுவது போல மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கும் ஐசிஎல் தீர்வல்ல. படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்

1. என் கருவிழித் தடிமன் எவ்வளவு? லேசர் ஏன் வேண்டாம்?
2. உள்ளே லென்ஸ் வைக்க இடம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?
3. உட்புற செல்களின் எண்ணிக்கை என்ன?
4. விழித்திரையை முழுசாகப் பரிசோதித்தாச்சா?
5. சொல்லும் தொகை ஒரு கண்ணுக்கா, ரெண்டுக்குமா?
6. லென்ஸ் அளவு சரியாக அமையாவிட்டால் மாற்றும் செலவு யாருடையது?

பரிசோதனைக்குப் போகும் முன் கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டே போனால் அளவு தவறிப்போகும். ஐசிஎல்லில் எல்லாமே அந்த அளவை நம்பித்தான் இருக்கிறது.