நட்ட மரக்கன்று கோடையைத் தாங்குமா? இலையைப் பார்த்தாலே ஓரளவு தெரிஞ்சிடும்!

2018 நவம்பர் 16-ம் தேதி கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னை, பலா, சாலையோர மரங்கள் எனக் கொத்துக்கொத்தாகச் சாய்த்துப் போட்டது. அதன்பிறகு இங்கே மரக்கன்று நடாத ஊரைத் தேடித்தான் பார்க்கணும். தமிழக அரசும் 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது. வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதுதான் இலக்கு.

எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு எல்லோரிடமும் இருக்கு. ஆனால் எப்படி நட்டோம் என்பதற்கும் அந்தக் கன்று பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது முதலில் தெரிவது இலையில்.

நெருக்கி நட்டால் என்ன ஆகும்?

ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில், ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் நடப்படும். கன்றுகள் ஒன்றையொன்று மறைப்பதால் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே கிடைக்கும். நிழலில் மாட்டிய கிளைகள், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க அகலமான, மெல்லிய இலைகளை விடும். அதே இனத்தை வெட்டவெளியில் 3 மீட்டர் இடைவெளியில் நட்டால், இலை சிறியதாக, தடிமனாக இருக்கும்.

விஞ்ஞானிகள் இதை அளக்க ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். இலையின் பரப்பை, காய்ந்த இலையின் எடையால் வகுப்பது. ‘ஸ்பெசிபிக் லீஃப் ஏரியா’ என்று பெயர். இந்த எண் அதிகமென்றால் மெல்லிய இலை. வளர்ச்சி வேகமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வறட்சி தாங்காது. குறைவென்றால் தடித்த இலை. மெதுவாக வளரும், பஞ்சத்திலும் தாக்குப்பிடிக்கும்.

அப்போ மியாவாக்கி தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் நல்லாவே வளரும். சிக்கல், தண்ணீர் லாரி நிற்கிற கோடையில் ஆரம்பிக்குது. ஒரு குழிக்குள் பல வேர்கள் ஒரே ஈரத்துக்குப் போட்டி போடும்போது, மெல்லிய இலைகள்தான் முதலில் வாடும்.

நர்சரியிலேயே தொடங்கும் விஷயம்

பச்சை வலைக்குள் வளர்ந்த கன்றின் இலைகள் நிழலுக்காகவே உருவானவை. ஒருமுறை முற்றிய இலை தன் அமைப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாது. நேராக வெயிலில் கொண்டுபோய் நட்டால் கருகும். புதிதாக வரும் இலைதான் வெயிலுக்கு ஏற்றதாக இருக்கும். அதனால்தான் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே வலையை விலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குகிறார்கள். புதுக்கோட்டைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய துணை. அக்டோபரில் நட்டால், கோடைக்கு முன்பே புது இலை விட்டுவிடும்.

மலைப்பகுதியில் நிலைமை வேறு. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிதைந்த மழைக்காடுகளை மீட்டு வருகிறது. அங்கே பல மழைக்காட்டு இனங்களுக்கு இளவயதில் நிழல் வேண்டும். புதுக்கோட்டையின் சொந்த மரங்களுக்கோ வெயில் பழகியது. ஒரு ஊர் முறையை இன்னொரு ஊருக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

கோயில் காடு காட்டும் வழி

மரமடக்கி போன்ற ஊர்களில் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் இன்னும் உண்டு. அங்கிருக்கும் காசான், வீரை, பாலை இலைகளைத் தொட்டுப் பாருங்க. சின்னதா, தோல் மாதிரி விறைப்பா இருக்கும். மழையில்லாத மாதங்களிலும் பசுமை குறையாது. ஆனால் மெதுவாக வளரும் என்பதால், ஒரே வருடத்தில் போட்டோ எடுத்துப் பெருமைப்பட நினைப்பவர்களுக்கு இவை பிடிப்பதில்லை.

உங்க ஊரில் கன்று நடும் விழா நடந்தால், கன்று வலையிலிருந்து வெளியே வந்து எத்தனை நாளாச்சு, மூன்றாவது கோடைக்குத் தண்ணீர் யார் ஊற்றப்போறாங்க என்ற இரண்டு கேள்விகளையும் அங்கேயே கேட்டுவிடலாம்.