கைக்குள் ஒரு சாட்சி – 9: படம் வைத்திருந்த குற்றம்

செலாயாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "யாரோ ஒருவனுடைய கைப்பேசியை நோண்டுகிற விளையாட்டை என் மகன் விளையாடுகிறான். தடுக்கட்டுமா?" வேண்டாம் ஐயா. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

அந்த விளையாட்டு 'ரெப்லிகா'வாகத்தான் இருக்க வேண்டும். தென்கொரியாவில் சோமி என்ற பெயரில் இயங்கும் ஒருவர் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்டது. திரை முழுக்க ஒரே ஒரு கைப்பேசி. அது டிக்கி என்ற இளைஞனுடையது. விளையாடுபவரும் அடைத்து வைக்கப்பட்ட ஒரு கைதிதான். பூட்டைத் திற, செய்திகளைப் படி, படங்களைப் புரட்டு, இவன் பயங்கரவாதி என்பதற்கு ஆதாரம் எடுத்துக் கொடு என்று பாதுகாப்புத் துறையிலிருந்து கட்டளை வருகிறது. தேடத் தேட ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது! என்னை உலுக்கியது அதுதான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற கண்ணுக்கு, நண்பனிடம் அடித்த அரட்டையும் சதியாகத் தெரிகிறது.

இந்தக் கதை நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. 2019 அக்டோபரில் மலேசியாவில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மாவின் கீழ் பிடித்தார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினர் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரனும் அவர்களில் இருந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி தீபாவளி. அந்த வீடுகளில் அன்றைக்கு விளக்கு எப்படி ஏற்றியிருப்பார்கள்?

சில குற்றச்சாட்டுகள் மலாக்காவில் நடந்த மாவீரர் நாள் நிகழ்ச்சியைப் பற்றியவை. வேறு சில, கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த, புலிகள் தொடர்பான படங்களைப் பற்றியவை. ஆம், வெறும் படங்கள். ஈழப்போரின் கடைசி மாதங்களிலும் அதற்குப் பிறகும் எத்தனை படங்கள் நம்மிடையே கைமாறின! அழுதுகொண்டே அனுப்பியவர்கள் உண்டு, பார்க்காமலே சேமித்தவர்கள் உண்டு. 2014 நவம்பரில் மலேசியா புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு அதே படம் ஏழாண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய பொருளாகிவிட்டது.

சொஸ்மாவில் பொதுவாக ஜாமீன் கிடையாது. ஜாமீனை மறுக்கும் 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019 நவம்பர் 29ஆம் தேதி உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். அதன் பிறகும் சாமிநாதன் உடனே வீடு திரும்ப முடியவில்லை. 2020 பிப்ரவரி 21ஆம் தேதிதான் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் 12 பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். தன் நாயகனின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்று விளக்கினார். சே குவேரா, மாவோ போன்றவர்களையும் எடுத்துக்காட்டினார். இதை உணர ஒரு நாட்டுக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அவர்களுக்குச் சிறைதான்.

அந்த வழக்கு போனது, சட்டங்கள் போகவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 116பி பிரிவின்படி, சோதனையிடும் இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேலான அதிகாரியோ கேட்டால் கடவுச்சொல்லையும் கொடுத்தாக வேண்டும். சொஸ்மாவின் 6ஆவது பிரிவு, அவசரமென்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதிகூட இல்லாமல் தகவல் தொடர்பை இடைமறிக்க சூப்பரிண்டெண்டன்ட் தகுதியுள்ள அதிகாரிக்கு இடம் தருகிறது. நீதிபதியின் கையெழுத்து எங்கே? அங்கே அதற்கு இடமே இல்லை.

சொஸ்மா தரும் 28 நாள் தடுத்து வைக்கும் அதிகாரத்தை 2022 ஜூலையில் நாடாளுமன்றம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டியது. அந்தக் கெடு 2027 ஜூலையில் முடிகிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கப் போகிறார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.