உப்பும் தைராய்டு ஹார்மோனும்

உண்ட உணவை ஆற்றலாக்குதல், அவ்வாற்றலைக் கொண்டு உடலைக் கட்டுதல், பழுதுற்றதைச் சிதைத்து வெளியேற்றுதல் ஆகிய பணிகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். இப்பணிகள் எந்த வேகத்தில் நடைபெற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்கள். கணையத்தின் இன்சுலினைப் பற்றியும், நீரிழிவு நோயில் அதன் பங்கைப் பற்றியும் இன்று ஓரளவு அனைவரும் அறிவர். இக்கட்டுரை தைராய்டு சுரப்பியின் ஹார்மோனைப் பற்றியது. பிற ஹார்மோன்களுக்கு வேண்டிய மூலப்பொருள்களை உடல் தனது வழக்கமான உணவிலிருந்தே திரட்டிக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோனுக்கோ, எல்லா மண்ணிலும் ஒரே அளவாகக் கிடைக்காத ஒரு தனிமம் தேவை. அது அயோடின். ஆகவே நம் நாட்டில் இந்த ஒரு ஹார்மோனின் உற்பத்தி உப்பளத்திலும் ரயில் வேகனிலும் மளிகைக் கடையிலுமே தொடங்கிவிடுகிறது எனலாம். பொருளாதாரம் பயின்ற ஒருவன் உடலியல் பற்றி எழுத முன்வருவதற்கு இதுவே காரணம்.

சுரப்பியின் கணக்கு

தொண்டையின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. வயது வந்தவரிடம் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். குருதியிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்து இது இரண்டு ஹார்மோன்களை உருவாக்குகிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்ஸின். இதனைச் சுருக்கமாக டி-4 என்பர். மூன்று அணுக்களைக் கொண்டது டி-3. சுரப்பியிலிருந்து வெளிவருவதில் பெரும்பகுதி டி-4 ஆகும். ஆனால் உயிரணுக்களுக்குள் வீரியத்துடன் செயற்படுவது டி-3. கல்லீரல் முதலிய உறுப்புகள் டி-4இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி, வேண்டிய அளவுக்கு டி-3 ஆக்கிக்கொள்கின்றன.

டி-3 உயிரணுவின் உட்கருவை அடைந்து, எந்தப் புரதங்கள் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதன் விளைவாக உயிரணு பயன்படுத்தும் ஆக்ஸிஜன் கூடுகிறது, வெப்பம் பிறக்கிறது, இதயத் துடிப்பு விரைகிறது, கொழுப்பும் மாவுப்பொருளும் வேகமாகச் செலவாகின்றன. ஹார்மோன் குறைந்தால் இவை யாவும் மந்தமடைகின்றன. உடல் குளிரைத் தாங்குவதில்லை, தோல் உலர்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது, குறைவாக உண்டும் எடை ஏறுகிறது, குருதியில் கொலஸ்டிரால் தேங்குகிறது. மிகுந்தால் நேர்மாறு. நன்றாக உண்டும் உடல் மெலிகிறது, தசைப் புரதமே எரிபொருளாகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது.

மிகுதியும் குறைவும் நேராமல் காப்பதற்கு ஒரு மேற்பார்வை உண்டு. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, குருதியில் தைராய்டு ஹார்மோன் குறையும்போது டி.எஸ்.எச். என்னும் தூண்டும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது; போதுமான அளவு வந்ததும் அதனைக் குறைத்துக்கொள்கிறது. சேமிப்பும் உண்டு. இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமான ஹார்மோனைத் தைராய்டு தனக்குள்ளே இருப்பு வைத்திருக்கிறது. மற்ற நாளமில்லாச் சுரப்பிகளிடம் இவ்வளவு பெரிய இருப்பு கிடையாது. வரத்து நிச்சயமில்லாத சரக்குக்குக் கிடங்கு தேவை என்பதை இயற்கை உணவுக் கழகங்களுக்கு முன்பே அறிந்திருந்தது போலும்.

நோயுற்ற காலத்தில் இந்த நிர்வாகம் வேறு விதமாக நடக்கிறது. பட்டினியிலும் கடுமையான நோயிலும் உடல் டி-4ஐ டி-3 ஆக மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போன்றது இது. அப்போது பிட்யூட்டரியும் வழக்கம்போல் பதறுவதில்லை. ஆகவே கடுமையாக நோயுற்றவரிடம் டி-3 குறைந்திருப்பதைக் கண்டவுடன் ஹார்மோன் மாத்திரை தருவது பொதுவாகப் பயன் அளிப்பதில்லை என்பது மருத்துவர்களின் அனுபவம்.

மறைந்திருக்கும் பற்றாக்குறை

அயோடின் வரத்தே குறைந்துவிட்டால் என்ன நேரும்? வயது வந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு கிராமுக்குக் குறைவு. இந்த அற்ப அளவும் கிடைக்காதபோது பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஐ ஓயாமல் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் தைராய்டு பருக்கிறது. மூலப்பொருள் இல்லாத ஆலை இயந்திரங்களைப் பெருக்கிக்கொள்வது போன்ற இந்த வீக்கத்தையே முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

இதே வேளையில் சுரப்பி இன்னொரு சிக்கனத்தையும் மேற்கொள்கிறது. நான்கு அணுக்கள் வேண்டும் டி-4ஐக் குறைத்து, மூன்று அணுக்களே வேண்டும் டி-3ஐக் கூடுதலாக ஆக்குகிறது. இதனால் குருதியில் டி-3 ஏறக்குறைய இயல்பாகவே இருந்துவிடுகிறது. அப்பெண் வயலில் வேலை செய்கிறாள்; தண்ணீர் சுமக்கிறாள்; தன்னை நோயாளி என்று எண்ணுவதில்லை. ஆனால் அவள் கருவுற்றால் நிலைமை வேறு. கருவின் மூளை தனக்கு வேண்டிய டி-3ஐத் தாயின் டி-4இலிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. கருவின் சொந்தச் சுரப்பி பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் செயற்படத் தொடங்குகிறது. போதிய அளவு சுரக்க மேலும் பல வாரங்கள் ஆகின்றன. அதுவரை தாயின் டி-4 ஒன்றே வழி. தாயைக் காத்த அதே சிக்கனம் குழந்தையின் மூளையை வறிதாக்கிவிடுகிறது. கடுமையான பற்றாக்குறையில் செவியும் பேச்சுமற்ற, அறிவு வளராத குழந்தைகள் பிறக்கின்றன. மிதமான பற்றாக்குறையிலோ, பார்வைக்கு யாதொரு குறையும் இல்லாத குழந்தை பள்ளியில் பின்தங்குகிறது. இப்பிரச்சினையின் உண்மையான பளு இதுவே என்பது என் கருத்து. கழலை கண்ணுக்குத் தெரியும், அதனை எண்ணிவிடலாம். பின்தங்கிய பிள்ளையை எந்தப் பதிவேட்டில் எண்ணுவது?

இவ்வுண்மை படிப்படியாகவே தெளிவாயிற்று. பாப்புவா நியூகினியில் 1966இல் தொடங்கிய ஆய்வில், கருவுறுவதற்கு முன்பே அயோடின் சேர்த்த எண்ணெய் ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகள் இக்குறைபாட்டிலிருந்து காக்கப்பட்டனர். கழலை என்ற ஒரு சொல் போதாது என்று கண்ட ஆஸ்திரேலிய மருத்துவ அறிஞர் பேசில் ஹெட்சல், 1983இல் அயோடின் குறைபாட்டு நோய்கள் என்ற பொதுப் பெயரை முன்மொழிந்தார். அதே பத்தாண்டில் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவ்ரியா மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்தபோது, தைராய்டு ஹார்மோன் குறைவு மற்ற இடங்களைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்து காணப்பட்டது. அவை மலை மாவட்டங்கள் அல்ல. ஆண்டுதோறும் வெள்ளம் மேல்மண்ணை அரித்துச் செல்லும் சமவெளிகள்.

காங்ரா முதல் இன்று வரை

நம் நாட்டின் தீர்வு காங்ரா பள்ளத்தாக்கில் பிறந்தது. அன்று பஞ்சாபிலும் இன்று இமாச்சலப் பிரதேசத்திலும் உள்ள இப்பகுதியில், 1956 முதல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு நடத்தினர். லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு. மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்த்த உப்பு. இன்னொன்றுக்குச் சாதாரண உப்பு. தொடக்கத்தில் பள்ளிச் சிறுவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேரிடம் கழலை இருந்தது. 1962இல் பார்த்தபோது அயோடின் பெற்ற இரு வட்டாரங்களிலும் அது பாதி அளவுக்கு வந்துவிட்டது; மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, அங்கும் குறைந்தது. ஈரத்திலும் வெயிலிலும் அயோடைடை விட அயோடேட் நிலைத்து நிற்பதால், இந்தியா அதனையே ஏற்றது.

1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் ஒரு குறை இருந்தது. கழலை மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டும் அயோடின் உப்பை அனுப்புவது என்று முடிவாயிற்று. உப்பு மாவட்ட எல்லையை மதிக்கும் பண்டமன்று. மலிவான சாதாரண உப்பு அடுத்த மாவட்டத்திலிருந்து சந்தைக்கு வந்துவிடும். மேலும் இந்தப் பண்டத்தின் தேவையை நுகர்வோர் உணர்வதே இல்லை. அரிசி குறைந்தால் வயிறு கேட்கும். அயோடின் குறைந்தால் எதுவும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாத சரக்கைச் சந்தை தானாக வழங்கும் என்று எதிர்பார்ப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. உற்பத்தியும் தேவைக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. 1983இல் தனியார் துறைக்கும் இவ்வுற்பத்தி திறந்துவிடப்பட்டது. நாடு முழுவதற்குமான உண்ணும் உப்பு அனைத்தையும் அயோடின் சேர்த்ததாக ஆக்குவது என்று 1984இல் முடிவு செய்யப்பட்டு, 1986 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1992இல் திட்டத்தின் பெயரும் அயோடின் குறைபாட்டு நோய்களைக் குறிப்பதாக மாறிற்று.

அளவும் விதிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டின் விதிப்படி உற்பத்தி நிலையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், நுகர்வோரை அடையும்போது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்றிருந்தது. நாளொன்றுக்கு ஒருவர் 10 கிராம் உப்பு உண்டால், 15 மில்லிகிராம் விகிதத்தில் சரியாக 150 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு டன் உப்புக்கு வேண்டியது ஏறத்தாழ 50 கிராம் அயோடேட் மட்டுமே. விலையில் ஏறுவது மிகச் சிறு தொகை.

அயோடின் சேராத உப்பை உண்ணும் உப்பாக விற்பதற்கான மத்தியத் தடை 1998இல் நடைமுறைக்கு வந்து, 2000 செப்டம்பரில் நீக்கப்பட்டது. மக்களின் விருப்புரிமை என்று காரணம் கூறப்பட்டது. அதன் பின் போதிய அயோடின் கொண்ட உப்பை உண்ணும் குடும்பங்கள் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. 2006 மே மாதத்தில் தடை மீண்டும் வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் பழைய விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தாலும், மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் தந்தது; உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குமுறைகள் அதே ஆண்டில் அவ்விடத்தை நிரப்பின. விருப்புரிமை என்னும் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எனினும் இங்கே விருப்பம் கடைக்குச் செல்பவருடையது; இழப்போ இன்னும் பிறவாத குழந்தையுடையது.

உப்பளத்தின் அருகே

2018-19இல் நடந்த தேசிய ஆய்வு, நாட்டின் குடும்பங்களில் 76.3 சதவீதம் போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்துவதாகக் கண்டது. மாநிலங்களில் மிகவும் பின்தங்கியது தமிழ்நாடு, 61.9 சதவீதம். உப்பு உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று, தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட மாநிலம், இந்த இடத்தில் நிற்பது முதலில் வியப்பளிக்கும். சற்று ஆராய்ந்தால் வியப்பு நீங்கும். தொலைவிலுள்ள மாநிலத்துக்கு உப்பு ஆலையைக் கடந்து பையில் அடைபட்டே செல்கிறது. உப்பளத்துக்கு அருகே வாழ்பவருக்கோ, பாத்தியிலிருந்து வாரிய கல் உப்பு அப்படியே மலிவாகக் கிடைக்கிறது. அயோடின் தெளித்தாலும் கல் உப்பில் அது ஒரே சீராகப் படிவதில்லை. ஈரம் மிகுந்த உப்பில் வடிந்தும் போகிறது. சிறு உற்பத்தியாளரிடம் தெளிப்பு இயந்திரமும் சோதனைக்கூடமும் இருப்பதில்லை. அவர்மீது வழக்குத் தொடர்வது எளிது. கூட்டுறவு முறையில் ஒரு பொது ஆலையை அமைத்துத் தருவது கடினம். பலன் தரவல்லது இரண்டாவதே.

கடல் உப்பில் இயல்பாகவே அயோடின் இருக்குமே என்று பலர் கேட்பதுண்டு. ஒரு லிட்டர் கடல் நீரில் இருப்பது ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அயோடின். கிடைக்கும் உப்போ சுமார் 30 கிராம். அத்தனை அயோடினும் உப்பிலேயே தங்குவதாகக் கொண்டாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம் தேறும். உண்மையில் பெரும்பகுதி, உப்பு படிந்தபின் எஞ்சும் நீரோடு போய்விடுகிறது. இப்போது நகரங்களில் நாகரிகமாகிவரும் இந்துப்பிலும் போதிய அயோடின் இல்லை.

வேறு இரு செய்திகளையும் அதிகாரிகள் கருத்திற்கொள்ள வேண்டும். குருதி அழுத்தத்தை முன்னிட்டு உப்பை நாளொன்றுக்கு 5 கிராமாகக் குறைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அனைவரும் அதனைக் கடைப்பிடித்தால் 15 மில்லிகிராம் விகிதத்தில் கிடைப்பது 75 மைக்ரோகிராமே. அப்போது அயோடின் அளவை உயர்த்தியாக வேண்டும். கருவுற்ற பெண்ணின் தேவை 250 மைக்ரோகிராம் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். மற்றொன்று, தைராய்டுக் குறைவு அனைத்தும் அயோடின் இன்மையால் வருவதன்று. எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் வயது வந்தோரில் ஏறத்தாழ 11 சதவீதத்தினரிடம் ஹார்மோன் குறைவு இருந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு வேண்டியது உப்பன்று, நாள்தோறும் தைராக்ஸின் மாத்திரை. அயோடின் போதிய இடத்திலும் சில குழந்தைகள், சுரப்பி சரியாக அமையாமல் பிறக்கின்றன. குதிகாலில் எடுத்த ஒரு துளிக் குருதியால் இதனை அறிந்து, இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை இயல்பாக வளரும்.

கடைகளில் உப்பைச் சோதிக்க அதிகாரிகள் எடுத்துச் செல்லும் குப்பியிலுள்ள கரைசலை ஒரு துளி விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமாகிறது. ஆனால் அது இருக்கிறதா என்பதைத்தான் காட்டும். எவ்வளவு என்பதை நம்பிக்கையுடன் சொல்லாது. 15 மில்லிகிராம் இருக்கிறதா என்றறிய மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அளந்தாக வேண்டும். மழைக்காலத்தில், திறந்த சாக்கில், வெயில் படும் கடை வாசலில் வைத்திருந்த உப்பை முதலில் அனுப்புவது நல்லது.