மிதவையின் காவல்

கழிப்பறைச் சுவரில் மாட்டிய ஃப்ளஷ் டாங்கி, தான் நிறைந்துவிட்டதைத் தானே உணர்ந்து ஜலத்தை நிறுத்திக்கொள்ளும் ஒரு யந்திரம் என்பது, அது நிறுத்தத் தவறி இராமுழுதும் கோப்பைக்குள் நீர் கசியும்போதுதான் நம் புத்திக்கு எட்டுகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், தம் நீர்க்கடிகாரத்தில் ஜலமட்டம் மாறாதிருக்க மிதவையைக் காவல் வைத்தார் என்பார்கள். பிளம்பர்கள் 'பால் வால்வு' என்று அழைக்கும் சாதனத்திலும் அதே தத்துவந்தான்.

மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருப்பின், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் விழுகிறது. ஆயினும் வால்வின் துவாரம் 3 மில்லிமீட்டர் குறுக்களவே உடையதாகையால், அதை மூடி நிறுத்த 70 கிராம் பாரம் போதும். மிதவையாகிய 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து பாதி மூழ்கினால் 260 கிராம் ஜலத்தை விலக்குகிறது. பந்தின் சொந்த எடையாக 100 கிராமைக் கழித்து, நீண்ட கரம் எட்டு மடங்காக்கித் தரும் நெம்புகோல் லாபத்தையும் சேர்த்தால், கிடைக்கும் பலம் ஒரு கிலோவுக்கும் அதிகம். ஆகவே வால்வு ஒழுகுவது பெரும்பாலும் பலக்குறைவால் அன்று. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் காரணம் தெரியும்: துவாரத்தின் விளிம்பு வருஷக்கணக்கில் அழுத்தியதால் ரப்பர் வாசரில் வட்டமான பள்ளம் விழுந்திருக்கும், போர்வெல் தண்ணீராயின் அப்பள்ளத்தில் வெள்ளை உப்பும் படிந்திருக்கும்.

வால்வை மாற்றும்போதும் பலத்தை நம்புவதுதான் விபரீதம். ஆங்கிள் காக்கை மூடி, டாங்கியைக் காலிசெய்து, கனெக்‌ஷன் பைப்பையும் அடியிலுள்ள நட்டையும் கழற்றிய பின், புதிய வால்வின் வாசர் டாங்கியின் உட்புறம் படியுமாறு பொருத்தி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதுமானது. மேலும் திருகுகிற ஆவேசம் பீங்கானையோ பிளாஸ்டிக் மரையையோ விண்டுவிடும். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டிய இடம் ஆங்கிள் காக் சுவருக்குள் நுழையும் மரையே, அதுவும் மரை இறுகும் திசையில். கனெக்‌ஷன் பைப்பின் நுனிகளில் கசிவைத் தடுப்பது உள்ளிருக்கும் வாசராகையால், அங்கே டேப் சுற்றுவது, அனுபவஸ்தர்களும் செய்கிற வீண் பிரயாசை.

பைப்பை வால்வில் மாட்டுமுன் காக்கைச் சற்றுத் திறந்து ஒரு வாளி ஜலத்தை வெளியே விடுவது மிக அவசியம். குழாயில் கிளறப்பட்ட மணல் துணுக்கு ஒன்றே புதிய வால்வைப் பழையதாக்க வல்லது. வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே ஜலம் நிற்குமாறு மிதவையைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. கனெக்‌ஷன் பைப்போ அல்லும் பகலும் அழுத்தம் தாங்குவது. அதன் மேலுள்ள எஃகுப் பின்னலில் துரு தென்பட்டால், வால்வோடு அதையும் மாற்றிவிடுவது உசிதம்.