பெயரின் கடைசியில் ரெட்டி

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பெயர் முடிவுகளில் ஒன்று ரெட்டி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அந்தப் பெயருடையவர்கள் பெரும்பாலும் அதையே எழுதுகிறார்கள். ஆனால் தெலுங்கு வழக்கில் ஒருவர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுவது பெயருக்கு முன்னால் நிற்கும் வீட்டுப்பெயர். அது ஒரு முன்னோரின் ஊராக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், பொருள் மறந்துபோன ஒரு பட்டப்பெயராகவும் இருக்கலாம். கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி என்ற பெயரில் கட்டமஞ்சி வீட்டுப்பெயர், ராமலிங்கம் அவருக்கு இட்ட பெயர், ரெட்டி அவர் பிறந்த சமூகத்தின் பட்டம்.

தமிழ் வாசகர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. தமிழரின் முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பதால் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். தெலுங்கரின் முன்னெழுத்து வீட்டுப்பெயரிலிருந்து வருவதால் அப்படியே தொடரும். ஒய்.எஸ். ராஜா ரெட்டி, அவர் மகன் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, பேரன் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி என மூன்று தலைமுறையிலும் மாறாத அந்த இரண்டு எழுத்துகள் ‘எடுகூரி சந்திண்டி’ என்ற வீட்டுப்பெயரின் சுருக்கம். பேத்தி ஷர்மிளாவுக்கு ஒய்.எஸ். உண்டு, ரெட்டி இல்லை. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் ஆண்களின் பெயரிலிருந்து பட்டம் போய்விடவும் இல்லை. வீட்டுப்பெயர் ஒன்றாக இருந்தால் பங்காளி முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. ரெட்டி என்று முடியும் இருவருக்கு இடையே அப்படி எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய நாடான ஸ்லோவாக்கியாவில் கொல்லரைக் குறிக்கும் கோவாச் என்ற சொல் மிகப் பரவலான குடும்பப் பெயர். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மிஹால் கோவாச் பெயரிலும் அதுதான் இருந்தது. கோவாச் ஒரு வேலையிலிருந்து வந்ததுபோல ரெட்டியும் ஒரு பதவியிலிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைமை வகித்தவரைக் குறிக்கும் ‘ரட்டகுடி’, ‘ரட்டடி’ போன்ற வடிவங்கள் தேய்ந்து ரெட்டி ஆயின என்பது அவர்கள் விளக்கம். காகதீயர் ஆட்சி 1323இல் வீழ்ந்த பின் புரோலய வேமா ரெட்டி அத்தங்கியில் தனியரசு நிறுவினார். பின்னர் கொண்டவீடு தலைநகரானது. மகாபாரதத்தைத் தெலுங்கில் முடித்துவைத்த எர்ரனா அந்த மன்னரின் அவைப் புலவர். சில தலைமுறைக்குப் பின் கவிஞர் ஸ்ரீநாதர் அதே கொண்டவீட்டு அரசில் கல்வி அதிகாரியாக இருந்தார். அந்த அரசின் காலம் ஒரு நூற்றாண்டும் சற்றுக் கூடுதலும்தான். இலக்கியத்துக்கு அது விட்டுச் சென்றதோ மிகப் பெரிது.

அரசு போன பிறகும் ஊரில் அதிகாரம் போகவில்லை. ராயலசீமைக் கிராமங்களில் வரி வசூலித்து, சில்லறை வழக்குகளைத் தீர்த்துவைத்த கிராம முன்சீப்பை ஊரார் ரெட்டி என்றே அழைத்தார்கள். கணக்குப் பிள்ளையான கர்ணமும் அவரும் சேர்ந்ததுதான் ஊர் நிர்வாகம். பரம்பரையாக வந்த இந்தப் பதவிகளை என்.டி. ராமராவ் அரசு 1984இல் ஒழித்தது. நிலமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த நெடுங்காலத்தின் செல்வாக்கு அதனால் ஒரே நாளில் கரைந்துவிடவில்லை. ஆந்திர அரசியலில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

எல்லா ரெட்டியும் ஒரே சமூகமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கோதாவரிப் பகுதி மலைகளில் வாழும் கொண்டா ரெட்டிகள் பட்டியல் பழங்குடியினர். சித்தூர்ப் பக்கத்தில் ரெட்டப்பா, ரெட்டம்மா ஆகியவை இட்ட பெயர்களாகவே வழங்குகின்றன. குர்ரங்கொண்டா அருகே ரெட்டம்மா கொண்டை என்ற மலைக்கோயில் இருக்கிறது. 2019இல் சித்தூர் தனித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவரின் பெயர் என். ரெட்டப்பா. நாயுடு என்ற முடிவும் இப்படித்தான். இந்த மாவட்டங்களில் கம்மவாரும் பலிஜாவாரும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்து ஒருவரின் குலத்தைக் கணிப்பவர்கள் இங்கே அடிக்கடி தவறிவிடுவார்கள்.

இப்பகுதி தந்த ரெட்டிகளில் முதலில் வைக்க வேண்டியவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. சி.ஆர். ரெட்டி என்றால் ஆந்திரா முழுவதும் தெரியும். இன்று சித்தூர் நகரத்தோடு கலந்துவிட்ட கட்டமஞ்சியில் 1880இல் பிறந்தார். சித்தூர் அப்போது வட ஆற்காடு மாவட்டம். தனி மாவட்டமானது 1911இல்தான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே ‘முசலம்மா மரணம்’ என்ற காவியத்தை எழுதினார். அனந்தப்பூர்ப் பக்கம் புக்கராயசமுத்திரத்து ஏரிக்கரை உடையாமலிருக்கத் தன்னையே பலி கொடுத்த ஒரு பெண்ணின் கதை அது. தேவரும் மன்னரும் இல்லாத, ஊர்ப்பெண் ஒருத்தியின் காவியம் என்பதால் நவீனத் தெலுங்குக் கவிதையின் தொடக்கங்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். 1914இல் வந்த அவருடைய ‘கவித்வ தத்வ விசாரமு’ பிங்கலி சூரனாவின் ‘கலாபூர்ணோதய’த்தை அலசித் தெலுங்கு விமர்சனத்துக்குப் புதுத் தடம் போட்டது.

கேம்பிரிட்ஜில் படித்து, அங்குள்ள மாணவர் பேரவையின் துணைத் தலைவராகவும் இருந்தவர். பரோடாவில் பேராசிரியராகவும் மைசூர் அரசில் கல்வித்துறைத் தலைவராகவும் பணிபுரிந்த பின் அரசியலுக்கு வந்தார். நீதிக்கட்சியில் இருந்து விலகி, 1923 நவம்பரில் பனகல் அரசர் அமைச்சரவை மீது சென்னைச் சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 44 பேர் ஆதரித்தார்கள், 65 பேர் எதிர்த்தார்கள். தோற்றுப்போன தீர்மானம்தான். ஆனாலும் இந்தியச் சட்டசபைகளின் வரலாற்றில் அது முதலாவது என்ற இடம் அதற்கு உண்டு.

1926இல் தொடங்கிய ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவரே. 1930இல் ஆங்கில அரசின் அடக்குமுறையைக் கண்டித்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சர்வபள்ளியும் ஓர் ஊரிலிருந்து வந்த வீட்டுப்பெயர்தான். 1936இல் சி.ஆர். ரெட்டி மறுபடியும் துணைவேந்தராகி 1949 வரை இருந்தார். 1948 டிசம்பரில் புதுச்சேரிக்கு நேரில் போய்த் தன் பல்கலைக்கழகத்தின் தேசியப் பரிசை அரவிந்தரிடம் ஒப்படைத்தார். இருவருமே பரோடா கல்லூரியில் பாடம் சொன்னவர்கள். 1951இல் மறைந்த சி.ஆர். ரெட்டியைப் பற்றித் தமிழில் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது பெரிய இழப்பு. சென்னை மாகாணத்தின் கல்வி வரலாற்றில் அவர் நடுநாயகமானவர்.

அடுத்தவரின் புகழ் கணினி உலகத்தில். டப்பாலா ராஜகோபால ரெட்டி 1937இல் அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம், ஆஸ்திரேலியாவில் முதுகலை, அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 1966இல் ஆராய்ச்சிப் பட்டம். ஸ்டான்போர்டில் அவருக்கு வழிகாட்டியவர் செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் சூட்டிய ஜான் மெக்கார்த்தி.

மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் ராஜ் ரெட்டி எடுத்துக்கொண்ட வேலை. தனித்தனிச் சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கண்டுகொள்வது ஒரு நிலை. இடைவெளி இல்லாமல் ஓடிவரும் பேச்சில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது அதைவிடக் கடினம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு உருவாக்கிய ‘ஹியர்சே’ அமைப்பில் ஒலி, சொல், இலக்கணம் எனத் தனித்தனி அறிவு மூலங்கள் தங்கள் ஊகங்களைப் பொதுவான ஓர் இடத்தில் வைத்து, ஒன்றையொன்று திருத்திக்கொண்டு விடைக்கு வரும். இன்று கைபேசியிடம் தமிழில் பேசி வேலை வாங்குபவர்கள் அந்த ஆராய்ச்சி வழியின் பலனை அனுபவிக்கிறார்கள். 1979இல் அங்கே ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1994இல் எட்வர்ட் பைகன்பாமுடன் சேர்ந்து டூரிங் விருது பெற்றார். கணினித் துறையின் அந்த உச்ச விருதைப் பெற்ற முதல் ஆசிய வம்சாவளியினர் ராஜ் ரெட்டி.

சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் 1933இல் பிறந்த பிரதாப் சி. ரெட்டியும் சென்னை வழியாகவே போனவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் இதய மருத்துவராகப் பணியாற்றித் திரும்பினார். இதய சிகிச்சைக்காக அமெரிக்கா போகப் பணம் திரட்ட முடியாமல் 38 வயது நோயாளி ஒருவர் 1979இல் இறந்துபோனார். அதுவே இங்கே பெரிய தனியார் மருத்துவமனை கட்டும் எண்ணத்தை விதைத்தது என்று அவர் சொல்லி வந்திருக்கிறார். 1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் 150 படுக்கைகளுடன் அப்போலோ திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அரகொண்டாவிலேயே தொலைமருத்துவ மையம் வந்தது. இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளின்டன் ஹைதராபாத்தில் இருந்தபடி அதைத் தொடங்கிவைத்தார்.

அரசியலில் இந்தப் பெயரோடு இருப்பவர்களை எண்ணத் தொடங்கினால் கட்டுரை நீண்டுவிடும். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் நீலம் சஞ்சீவ ரெட்டி அனந்தப்பூர் மாவட்டத்துக்காரர், சென்னை அடையாறில் பள்ளிப்படிப்பு. 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். பிரிக்கப்படாத ஆந்திராவின் கடைசி முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டியின் குடும்பம் அன்றைய சித்தூர் மாவட்டத்து நகரிப்பள்ளியைச் சேர்ந்தது. பின்னர் முதலமைச்சரான மருத்துவர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி பயிற்சி பெற்றது திருப்பதி அரசு மருத்துவமனையில். 2009 செப்டம்பர் 2 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் நல்லமலைக் காட்டில் அவர் இறந்தபோது, சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மக்களைச் சந்திக்கப் போய்க்கொண்டிருந்தார்.

தமிழ்க் குழந்தைகளுக்கு மிக நெருக்கமான ரெட்டி வேறொருவர். கடப்பை மாவட்டத்தில் 1912இல் பிறந்த பி. நாகி ரெட்டி 1947 ஜூலையில் சக்கரபாணியுடன் சேர்ந்து தொடங்கிய தெலுங்கு ‘சந்தமாமா’வும் அதன் தமிழ் வடிவமான ‘அம்புலிமாமா’வும் பல தலைமுறைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. வடபழனியில் அவர் நடத்திய விஜயா வாகினி ஸ்டுடியோவில் ‘மிஸ்ஸியம்மா’, ‘மாயா பஜார்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆகியவை உருவாயின. ‘மாயா பஜார்’ இயக்குநர் கே.வி. ரெட்டிக்கும் நாகி ரெட்டிக்கும் பெயர் முடிவு ஒன்று, வீட்டுப்பெயர் வேறு. நாகி ரெட்டியும் அவர் அண்ணன் பி.என். ரெட்டியும் தாதாசாகிப் பால்கே விருது பெற்றவர்கள். 1980களின் தொடக்கத்தில் நாகி ரெட்டி திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராகவும் இருந்தார்.

எல்லையைத் தாண்டித் தமிழகத்துக்குள் வந்ததும் பெயர் ரெட்டியார் ஆகிவிடுகிறது. மரியாதை விகுதி சேர்ந்தது மட்டும்தான் வேறுபாடு. விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெற்கே வந்து குடியேறிய உழவர் குடும்பங்கள் இவர்களில் பலர். சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் தென்னாற்காட்டு ஏ. சுப்பராயலு ரெட்டியார், பதவிக்கு வந்தது 1920இல். 1947 முதல் 1949 வரை முதலமைச்சராக இருந்தவர் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த பிறகு தமிழகத்தில் அவை மெல்ல மெல்லப் பெயர்களிலிருந்து உதிர்ந்தன. ராமசாமி ரெட்டியாரையும் இன்று ஓமந்தூரார் என்றே சொல்கிறோம். ஊர்ப்பெயரால் அழைக்கும் இந்த வழக்கம் தெலுங்கரின் வீட்டுப்பெயருக்கு மிக அருகில் வருகிறது.

பட்டம் உதிராமல் நின்ற ஒரு பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்ததால் வந்தது அந்தப் பட்டம். 1927இல் சென்னைச் சட்டமேலவைக்குள் நுழைந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார், சி.ஆர். ரெட்டி விலகல் கடிதம் கொடுத்த அதே ஆண்டு. அவர் கேட்ட முழுமையான தடைச் சட்டம் 1947இல் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் ஓமந்தூரார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் முத்துலட்சுமியின் பெயர் பட்டத்தோடேயே இருக்கிறது.

கடல் கடந்த ரெட்டிகளின் கதை 1860இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பின்னர் பிஜிக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களோடு தொடங்குகிறது. வட ஆற்காடும் சித்தூரும் அப்படி ஆட்களை அதிகம் அனுப்பிய பகுதிகள். ஐரோப்பிய முறைப் பதிவேடுகளில் கடைசிச் சொல்லே குடும்பப் பெயராக நின்றது. பிஜியின் எதிர்க்கட்சித் தலைவராக நெடுங்காலம் இருந்த ஜெய்ராம் ரெட்டி பின்னர் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியானார். ஆஸ்திரேலியப் பாடகி ஹெலன் ரெட்டியை இவர்களோடு சேர்க்கக் கூடாது. அவருடையது அயர்லாந்துக் குடும்பப் பெயர், எழுத்தொற்றுமை தற்செயலானது.

நெல்லூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியில் 1924இல் பிறந்த எனுக ஸ்ரீநிவாசுலு ரெட்டி ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்து, தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான சிறப்புக் குழுவின் செயலாளராக 1963 முதல் பணியாற்றினார். தடைகளுக்கும் கைதிகளின் விடுதலைக்குமாக உலக ஆதரவைத் திரட்டியதில் அவர் பங்கு பெரிது. தென்னாப்பிரிக்கா 2013இல் அவருக்கு ஆலிவர் டாம்போ விருது வழங்கியது. அவர் 2020இல் அமெரிக்காவில் காலமானார்.